கஞ்சி வாங்க வராதவள்

எனக்குக் கோபம் அதிகம். வீட்டில் இதைக் குறையாகத்தான் சொல்வார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபிளாட்டுக்கு காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட என்னிடம் அளந்துதான் பேசுவார். அந்தக் கோபம் ஒரு வருஷம்போல என்னை விட்டுப் போயிருந்தது. அம்மா அதை நல்ல அறிகுறி என்று நினைத்தாள். "இப்பல்லாம் சமத்தா இருக்கா" என்று ஃபோனில் சித்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் சமத்தாக இல்லை. செத்துப்போனால் தேவலை என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

காரணம் என்ன என்று கேட்பீர்கள். விவரமாகச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் "இதுக்கா?" என்பார்கள். மீதிப் பேர் "பாவம், வேற என்னதான் பண்ணுவா" என்பார்கள். முதல் பேச்சு அவமானம், இரண்டாவது அதைவிட மோசம். கல்யாணம் முறிந்து, பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையையும் விட்டுவிட்டு அப்பா அம்மாவிடம் திரும்பி வந்திருந்தேன் என்பது போதும். அதே மாதிரி திரும்பி வந்து ஜம்மென்று இருப்பவர்களையும் எனக்குத் தெரியும்.

அப்பா காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து என் கையில் துளசி கொடுப்பார். "எல்லாம் அவன் திருவுள்ளம். மனசப் போட்டு அலட்டிக்காதே" என்பார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அப்படிப்பட்ட மனிதரிடம் போய் எனக்கு உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று சொல்ல எந்த மகளுக்கு வாய் வரும்? உறவில் யாரிடமாவது சொன்னால் அடுத்த ஏகாதசிக்குள் நாலு வீதிக்கும் தெரிந்துவிடும்.

அதனால் ஃபோனில் தேடினேன். இணையத்தில் ஒரு ஃபோரம் அகப்பட்டது. சாக வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் மட்டும் வந்து எழுதுகிற இடம். எந்தெந்த நாட்டிலிருந்தோ எழுதுவார்கள், எல்லாம் இங்கிலீஷில். சொந்தப் பெயர் கூடாது, ஊர் பெயர் கூடாது என்று விதி. முதல் நாள் அதைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் நினைப்பதை நினைக்கிறவர்கள் இத்தனை பேரா? யாரும் அதிர்ச்சியடையவில்லை, யாரும் புத்தி சொல்லவில்லை. அந்த ஆறுதல் பொய்யில்லை. ஆனால் நாள் முழுக்க அந்தப் பேச்சுக்குள்ளேயே கிடந்தால், உலகத்தில் அதைத் தவிர வேறு எதுவுமே இல்லை என்று ஆகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது.

நானும் எழுதிப் பார்த்தேன். கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிற இங்கிலீஷ் எனக்குத் தண்ணிபட்ட பாடு. மனசு வலிக்கிறது என்று சொல்கிற இங்கிலீஷ் வரவில்லை. தட்டுத்தடுமாறி ஒரு பத்தி எழுதிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பதில் வந்தது, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

"அக்கா, நீங்க தமிழா? உங்க இங்கிலீஷப் பார்த்தாலே தெரியுது."

வேறு சமயமாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பேன். அன்று "ஆமாம்" என்று மட்டும் எழுதினேன். அதிலிருந்து நாங்கள் இருவரும் தனியாக எழுதிக்கொள்ள ஆரம்பித்தோம்.

அவளுக்கு இருபது வயதுக்கு மேல் கொஞ்சம் இருக்கும். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, போன வேலையிலிருந்தும் நின்றுவிட்டு, வீட்டு மாடியில் ஒரு அறைக்குள் இருந்தாள். கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தத்திலும் பக்கத்துச் சர்ச் மணிச் சத்தத்திலும் தூக்கம் வராது என்பாள். அவள் அண்ணனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். "வீட்ல எல்லாரும் பத்திரிகை வைக்க அலையுறாங்கக்கா. நான் மண்டபத்து வாசல்ல கெடக்குற ஒத்தச் செருப்பு மாதிரி கெடக்குறேன்" என்று எழுதினாள். இப்படி எழுதத் தெரிந்தவளுக்கு ஏன் சாகத் தோன்றுகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என்னைப் பற்றி அவளுக்கும் அப்படித்தான் இருந்ததாம். அவரவர் முதுகு அவரவருக்குத் தெரியாது.

ஒரு சாயங்காலம், தெருவில் மேளம் காதைக் கிழிக்கிறது, சமயபுரத்துக்குப் பூ வண்டி போகிறது என்று எழுதினாள். மாரியம்மனுக்குப் பூச்சொரிதல் மாசம் அது. திருச்சியில் பேட்டைக்குப் பேட்டை வண்டி ஜோடித்துப் பூ எடுத்துப் போவார்கள். நான் திகைத்துப்போய், "நீ திருச்சியா?" என்று கேட்டேன். உலகம் முழுக்க இருக்கிற கூட்டத்தில் எனக்கு அகப்பட்டவள் காவிரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். "பாலக்கரை" என்று எழுதியவள் உடனே அதை அழித்துவிட்டாள். விதி என்றால் விதி. நானும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

பிறகு ரம்ஜான் மாதம் வந்தது. அவள் ஒழுங்காகச் சாப்பிடுவதையே விட்டிருந்தாள். நோன்புக் கஞ்சி மட்டும் குடித்தாள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவார்கள், தூக்குவாளியோடு போய் நின்று வாங்கி வருவேன் என்பாள். "அதுக்கு மட்டும்தான் நான் மாடிலேர்ந்து எறங்குறேன்." தினமும் எனக்குக் கஞ்சி விமர்சனம் வரும். இன்றைக்கு வெந்தயம் தூக்கல், இன்றைக்கு இஞ்சி காணோம், இன்றைக்கு அமிர்தம். பிறந்ததிலிருந்து அந்தக் கஞ்சியை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் சாயங்காலம் ஆனால் அந்த விமர்சனத்துக்காகக் காத்திருப்பேன். அது வந்தால் அவள் இன்று இருக்கிறாள் என்று அர்த்தம்.

கஞ்சி குடிக்கிறாள், பாங்கு ஓதும் நேரமெல்லாம் சொல்கிறாள். ஆகவே முஸ்லிம் வீட்டுப் பெண் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

நோன்பு பாதி கடந்த ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபோரத்தைத் திறந்தேன். பொதுவில் அவள் எழுதியிருந்தாள். எல்லோருக்கும் நன்றி, இனிமேல் எழுதமாட்டேன், என்னுடைய புத்தகங்களையும் ஹெட்ஃபோனையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று. கீழே யார் யாரோ இதயம் படம் போட்டிருந்தார்கள். சிலர் "போகாதே, பேசு" என்று கெஞ்சியிருந்தார்கள். ஒருவன் மட்டும் எழுதியிருந்தான்: உன் முடிவை மதிக்கிறேன், உன் பயணம் அமைதியாக இருக்கட்டும்.

என்ன பயணம்? இவன் என்ன ஜங்ஷனில் நின்று கையாட்டி வழியனுப்பவா வந்திருக்கிறான்? இருபத்துச் சொச்சம் வயதுப் பெண், வாயைத் திறந்தால் சிரிப்பு மூட்டுகிறவள், அவளுக்கு இவன் டாட்டா காட்டுகிறானா? எனக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது. கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஒரு வருஷமாக எங்கே போயிருந்ததோ, என் கோபம் முழுசாக வந்து சேர்ந்துவிட்டது. அப்படியொரு சந்தோஷமான கோபத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை.

அந்தப் பதிலைப் பற்றி ஃபோரத்தை நடத்துகிறவர்களுக்குப் புகார் அனுப்பினேன். பிறகு அவளிடம் தனியாகக் கேட்டேன்.

"இன்னைக்குக் கஞ்சி வாங்கப் போவியா?"

"இல்லக்கா."

சுற்றி வளைக்கவில்லை. "சாகப்போறியா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. வீட்ல யாரும் இல்ல."

"நான் கெளம்பி வரேன். நான் வர்ற வரைக்கும் நீ ஒண்ணும் பண்ணக்கூடாது. என்கூடப் பேசிண்டே இரு."

"எப்படி வருவீங்க? எங்கன்னு உங்களுக்குத் தெரியாதே."

அவசர எண்ணுக்கு அடித்தேன். எடுத்த பெண் அட்ரஸ் கேட்டாள். பாலக்கரை என்றேன். பாலக்கரையில் எங்கே என்றாள். தெரியாது என்றேன். பெயர் என்றாள். அதுவும் தெரியாது. வேறு யாராவது இருந்தால் ஃபோனை வைத்திருப்பார்கள். அவள் வைக்கவில்லை. "ஸ்டேஷனுக்குச் சொல்லிடறேன் மேடம். வீடு தெரிஞ்சதும் அந்த நிமிஷமே கூப்பிடுங்க. அவங்ககிட்ட பேச்ச மட்டும் விட்டுறாதீங்க" என்றாள்.

நைட்டியில் இருந்தேன். மாற்றப் பொழுதில்லை. கொடியில் கிடந்த அப்பாவின் துண்டை எடுத்து மேலே போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினேன். மாசக்கணக்காக வாசல் தாண்டாத மகள் இந்தக் கோலத்தில் கிளம்புவதைப் பார்த்து அப்பா ஊஞ்சலிலிருந்து எழுந்துவிட்டார்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"பாலக்கரைக்கு."

"பாலக்கரைக்கா? அங்க யாராத்துக்கு?"

"பள்ளிவாசலுக்குப்பா. கஞ்சி ஊத்தற எடத்துக்கு."

பாவம், அவர் என்ன நினைத்திருப்பாரோ. விளக்கம் சொல்ல நான் நிற்கவில்லை.

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறும்போது அவள் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை. கெஞ்ச எனக்கு வராது, அதனால் திட்டினேன். நீ பாட்டுக்குப் போய்விட்டால் கஞ்சியில் உப்பு சரியாக இருந்ததா இல்லையா என்று யாரடி எனக்குச் சொல்வது என்று எழுதினேன். உன் அண்ணன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை எங்கே என்று எழுதினேன். படித்தாள் என்பது மட்டும் தெரிந்தது. அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "பாலக்கரைல எங்கங்க?" என்றார்.

"கஞ்சி ஊத்தற பள்ளிவாசலுக்குங்க."

"எல்லாப் பள்ளிவாசல்லயும்தாங்க ஊத்துவாங்க."

"சர்ச் மணிச் சத்தமும் கேக்கணும். பக்கத்துல எங்கியாவது தையல் கடை இருக்கணும்."

அவர் என் நைட்டியையும் துண்டையும் ஒரு தரம் பார்த்தார். ஏதோ புரிந்துகொண்டு ரவுண்டானாவைத் தாண்டி ஒரு சந்துக்குள் விட்டார். நல்ல வேளை, கேள்வி கேட்கவில்லை.

பள்ளிவாசல் பக்கவாட்டில் பெரிய தேக்சாவிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. வரிசை நீளமாக நின்றது. தாடி வைத்த பெரியவர் ஒருவர் ஆளுக்கு ஒரு கரண்டி, வீட்டில் ஆள் அதிகமென்றால் இரண்டு என்று ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கம்மா, ஏனம் கொண்டாரலியா?" என்றார்.

"கஞ்சிக்கு வரலைங்க. ஒரு பொண்ணத் தேடி வந்தேன். முஸ்லிம் வீட்டுப் பொண்ணு. மாடில இருக்கா. தெனம் கஞ்சி வாங்க வருவா, இன்னைக்கு வரல. உயிருக்கு ஆபத்துங்க."

அவர் கரண்டியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு உடனே இறங்கி வந்தார். மாடி வீடா, சின்னப் பெண்ணா என்று யோசித்து, என்னை ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். அந்தப் பெண் சமையல்கட்டில் வடை தட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்குப் போனோம். அங்கே இருந்தவள் கைக்குழந்தைக்காரி. அவர்கள் என்னைப் பயந்து பார்த்தார்கள். நான் ஃபோனைப் பார்த்தேன். அவளிடமிருந்து ஒன்றுமில்லை. திரும்ப ஓட்டமும் நடையுமாகப் பள்ளிவாசலுக்கு வந்தோம். அவ்வளவுதானா, இவ்வளவு தூரம் வந்து ஒரு தெரு வித்தியாசத்தில் அவளைத் தொலைக்கப்போகிறேனா?

அப்போதுதான் அந்த வரிசையைச் சரியாகப் பார்த்தேன். முன்னால் தூக்கோடு நின்ற அம்மாவின் நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். அவளுக்குப் பின்னால் விபூதி பூசிய ஒருவர். அப்புறம் கழுத்தில் சிலுவை போட்ட பெண் ஒருத்தி. வரிசையில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். வந்ததிலிருந்து என் கண் முன்னால்தான் நின்றிருக்கிறார்கள்.

குங்குமப் பொட்டு அம்மாவிடம் ஓடினேன். "நீங்க தெனமும் வருவீங்களா? சின்னப் பொண்ணு, கொஞ்சம் கிண்டலாப் பேசுவா, கீழ தையல் மெஷின் சத்தம் கேக்கற வீடு."

"கண்ணாடி போட்ட புள்ளயா? கறி வராம மேலாப்புல எடுத்து ஊத்துங்கன்னு கேட்கும். டெய்லர் கடை மாடிதானே, எங்க தெரு."

"முஸ்லிமா?" என்று அப்போதும் கேட்டேன், புத்திசாலி.

"யாரு? அவங்க புரட்டாசி சனிக்கிழமை ஒண்ணு விடாம ஸ்ரீரங்கம் போற குடும்பம்மா."

எங்கள் பெருமாளைக் கும்பிடுகிற வீட்டுப் பெண்ணைத்தான் நான் அத்தனை நேரமும் வேறு வேறு வீடுகளில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். பெரியவர் சிரிக்கவில்லை. "கஞ்சி எல்லாருக்கும்தாம்மா. வாங்க, வாங்க" என்று முன்னால் நடந்தார். நடந்துகொண்டே அவசர எண்ணுக்கு அடித்து வீட்டு அடையாளத்தைச் சொன்னேன்.

மாடிப்படி குறுகல். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. இரண்டு கையாலும் தட்டினேன். உள்ளே சத்தமே இல்லை. இன்னும் பலமாகத் தட்டினேன்.

"யாரு?"

முதல் முறையாக அவள் குரலைக் கேட்கிறேன். என் உயிர் அந்த ஒரு வார்த்தையில் திரும்பி வந்தது.

"நான்தாண்டி."

"நான்னா?"

"இங்கிலீஷ் தெரியாதவ."

தாழ்ப்பாள் திறந்தது. ஒல்லியாக, கண் வீங்கி, கண்ணாடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"என்னக்கா, நைட்டிலயே வந்துட்டீங்க?"

"பொடவை கட்டிண்டு வர நீ எங்க டைம் குடுத்த?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். எவ்வளவு இறுக்கமாக என்றால் "எலும்பு ஒடையுதுக்கா" என்று முனகினாள். விடவில்லை. ஜெயித்துவிட்டேன், ஜெயித்துவிட்டேன் என்று மனசுக்குள் கூத்தாடிக்கொண்டிருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அன்று வந்த பெருமிதம் வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை.

படியில் நின்ற பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "புள்ளைக்குக் கஞ்சி அனுப்புறேன், குடிக்கச் சொல்லுங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான்" என்று இறங்கிப்போனார். போலீஸ்காரப் பெண் ஒருத்தி வந்தாள். அதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வைத்தாள். கஞ்சி வந்தது. நானும் குடித்தேன். கறி இல்லாமல் மேலாக எடுத்ததா, அடியிலிருந்து எடுத்ததா என்று நான் கேட்கவில்லை. அப்பா இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

பத்திரிகைப் பையோடு திரும்பி வந்த அவள் அப்பாவும் அம்மாவும் முதலில் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். புரிந்ததும் அவள் அம்மா, "என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "சொன்னா நீ இப்படித்தாம்மா அழுவ" என்றாள் இவள். இரண்டு பேர் பேச்சும் நியாயம்தான்.

மறுநாள் காலை பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அவள், அவள் அப்பா, கூட நான். மனநலப் பிரிவு டாக்டர் அம்மா அவளிடம் நிதானமாக எல்லாம் கேட்டார். எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க யாரும்மா? சொந்தமா?"

"இல்ல டாக்டர். நாங்க ஆன்லைன்ல பழக்கம்."

"எந்த மாதிரி ஆன்லைன்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள், "அக்காவும் என்ன மாதிரிதான் டாக்டர். எனக்கு முன்னாடிலேர்ந்தே."

ஒரு வருஷமாக நான் யாரிடமும் திறக்காத வாயை அவள் எனக்காகத் திறந்துவிட்டாள். டாக்டர் நாற்காலியைக் காட்டி, "அப்ப நீங்களும் உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். முதல்நாள் அவளைக் காப்பாற்றிவிட்டதாகக் கொண்டாடினேனே, அந்த நாற்காலியில்தான் கணக்கு நேரானது.

அப்புறம் எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. மாத்திரை, வாரா வாரம் பேச்சு, நடுவில் சில மோசமான நாட்கள். அப்பாவிடம் நானே சொன்னேன். அவர், "அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன்" என்றார். வந்தார். நான் வேறொரு ஸ்கூலில் சேர்ந்தேன். என் கோபத்தைப் பற்றி அங்கேயும் இப்போது புகார் வருகிறது. நான் அந்த ஃபோரத்துக்குப் போவதில்லை. அவள் எப்போதாவது எட்டிப் பார்ப்பாளாம், தமிழ் வாடையடிக்கிற இங்கிலீஷ் கண்ணில் பட்டால் ஊர் எது என்று கேட்டுவிட்டு வருவாளாம்.

அவளுக்குத் துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. போன வாரம் சாயங்கால பஸ்ஸிலிருந்து கூப்பிட்டாள். உட்கார இடம் கிடைக்காத எரிச்சலில் இருந்தாள். மேனேஜர் சரியில்லை, கேன்டீன் சாம்பார் சரியில்லை, பொங்கலுக்கு அண்ணன் குழந்தையைப் பார்க்க லீவு கேட்டால் அந்த ஆள் இப்பவே என்ன அவசரம் என்கிறானாம். பொங்கலுக்கு இன்னும் எத்தனையோ மாசம் இருந்தது.

"இப்பவே சொல்லி வச்சாத்தானேக்கா கெடைக்கும்? நான் விடப்போறதில்ல" என்றாள்.

"விடாத" என்றேன். அவள் ஸ்டாப் வந்து இறங்கி, தெரு திரும்பி, மாடி ஏறிக் கதவைத் திறக்கிற வரைக்கும் அந்த மேனேஜரைத் திட்டிக்கொண்டே வந்தாள். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று மெசேஜ் வந்தது. பொங்கலுக்கு லீவு கிடைத்துவிட்டதாம்.